கூரை பிரித்த நாள்

அருகே வாருங்கள், கண்ணுகளா. காற்றடிக்கிற ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். அரை நாள் கூரையில்லாமல் நின்ற ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். அந்த அரை நாளில் லெனோர் என்ற ஒருத்தியின் நெஞ்சு பட்ட பாடுதான் கதை. நடுவில் யாரும் எழுந்து போகாதீர்கள்.

லெனோர் கட்லெக் சீடர் ராப்பிட்ஸ் ஊர்க்காரி. ஐம்பத்து நாலு வயது. பழைய வீடுகளைப் பிரித்து, கூட்டி, புதிதாக்கிக் கொடுப்பது அவள் தொழில். அவளிடம் நிரந்தரமாகச் சம்பளம் வாங்குகிற தச்சன் பாய்ட் ஒருத்தன்தான். குழாய்க்கு ஓர் ஆள், மின்சாரத்துக்கு ஓர் ஆள், கூரைக்கு ஓர் ஆள் என்று மற்றவர்களை அந்தந்த வேலைக்கு மட்டும் வெளியிலிருந்து அழைத்துக்கொள்வாள்.

ரம்பத்துக்கும் பயப்பட மாட்டாள், உயரத்துக்கும் பயப்பட மாட்டாள் லெனோர். அவளுக்குப் பயம் காகிதத்தில்தான். இந்தத் தொழிலில் ஒரு மனிதன் ஏணியிலிருந்து விழுவது ஒரு நொடி; அதற்கப்புறம் அவனுடைய ஆஸ்பத்திரிக்கும் அவன் வீட்டு அடுப்புக்கும் யார் பொறுப்பு என்று இழுத்துக்கொண்டு கிடப்பது ஆறு வருஷம். ஆகவே அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கூரை பிரிக்கிற அன்று காலையில், காபிக்கு முன்னால், கூரைக்காரரின் காப்பீட்டு அலுவலகத்தைத் தானே கூப்பிடுவாள். "இவரோட பாலிசி இன்னிக்கு உயிரோட இருக்குங்களா?" என்று ஒரே கேள்வி கேட்பாள். சான்றிதழ் என்று ஒரு தாள் எல்லாரும் கொடுப்பார்கள்தான். ஆனால் அந்தத் தாளுக்குத் தான் எழுதப்பட்ட நாள் மட்டும்தான் தெரியும். மறுநாள் பாலிசியை ரத்து செய்தாலும் தாள் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஜூலை மாதம் இருபத்தொன்றாம் தேதி காலையில் அவள் கூப்பிடவில்லை.

ஏனென்றால் கூரைக்காரர் மெர்ல் ஹோராக். பதினைந்து வருஷப் பழக்கம். அறுபத்தோரு வயதில், முகட்டுமேல் பூனைபோல நடக்கிற மனிதர். மார்ச் மாதம் அவருடைய மனைவி விவியன் இறந்துபோனாள். தேவாலயத்துக்கு அடியிலிருந்த கூடத்தில் சாவுச் சாப்பாடு நடந்தபோது, பன்றிக்கறி சாண்ட்விச்சும், கசகசா வைத்த கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டியும் பரிமாறியவர்களில் லெனோரும் ஒருத்தி. அன்று மெர்ல் ஒரு கொலாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருடைய காகிதத்தைச் சந்தேகப்பட்டுக் கேட்பதா? கை போனை எடுத்தது, மனசு கீழே வைத்தது. அவ்வளவுதான் நடந்தது.

வீடு நார்பெர்ட் ஷேஃபர், ஐலீன் என்ற வயதான தம்பதியுடையது. நார்பெர்ட் ஓட்ஸ் ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐலீனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தாள். மகள் குடும்பத்தோடு வந்து கூட இருக்கப் போகிறாள். அதற்காகத்தான் பின்பக்கக் கூரையைப் பிரித்து, உயர்த்தி, இரண்டு அறை எழுப்புகிற வேலை.

காலை ஏழு மணிக்குப் பிரிக்கத் தொடங்கினார்கள். மெர்லும், அவருடைய ஆட்களான ஓஸ்மின், அவன் மைத்துனன் வில்பர் இருவரும் மேலே; பாய்ட் கீழே. பத்தரை மணிக்குப் பின்பாதி முழுக்கத் திறந்துவிட்டது. கைமரங்கள் விலா எலும்புகள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கீழே சமையலறை, அதற்கு வடமேற்கு மூலையில் ஐலீனின் தையல் அறை. இரண்டுக்கும் மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சுக் கூரைத்தளம் மட்டும். அதற்கு மேல் வெட்டவெளி. மழை சாயங்காலம் ஆறு மணிக்கு என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்குள் புதுச் சட்டம் ஏற்றி மூடிவிடலாம் என்று கணக்கு.

அப்போதுதான் போன் அடித்தது. ட்ரூடி. லெனோரின் காப்பீடுகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற முகவர், பள்ளிக்கூடத்துத் தோழியும்கூட.

"லெனோர், கொஞ்சம் உக்காந்துக்க."

"கூரையப் பிரிச்சுப் போட்டுட்டு உக்கார எனக்கேதுடி நேரம்? சொல்லு."

"உன் பாலிசி புதுப்பிக்கணும்ல, உன்கிட்ட வேலை செய்யற வெளியாளுங்க பட்டியல ஒண்ணொண்ணா சரிபார்த்துட்டிருந்தேன். இப்ப கூரை மேல யாரு?"

"மெர்ல். அவரு ஆளுங்க ரெண்டு பேரு."

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மெர்லோட பாலிசி ஒம்பதாம் தேதியே செத்துப்போச்சு லெனோர். பணம் கட்டலைன்னு ரத்து பண்ணிட்டாங்க. ரெண்டு வாட்டி கடிதாசி போட்டிருக்காங்க, பதிலே இல்லியாம்."

லெனோர் மேலே பார்த்தாள். மெர்ல் முகட்டு ஓரத்தில் நின்றுகொண்டு, ஒரு கையால் பலகையைப் பெயர்த்துக்கொண்டே ஏதோ சொல்ல, வில்பர் சிரித்துக்கொண்டிருந்தான். மூவருடைய இடுப்பிலும் கயிறு இல்லை.

"இப்ப ஒருத்தன் வழுக்கினான்னா?" என்று லெனோர் கேட்டாள். பதில் தெரிந்தே கேட்டாள்.

"அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. உன்கிட்டதான் வருவான். காப்பீடு இல்லாத ஆள மேல ஏத்தினா எங்க பொறுப்பில்லைன்னு உன் பாலிசில ஒரு வரி இருக்கு. எட்டாம் பக்கம். நானே உனக்குப் படிச்சுக் காமிச்சேன்."

"ஞாபகமிருக்கு."

"இறக்கு எல்லாரையும். இப்பவே. அப்புறம் இன்னொண்ணு. வானத்தப் பாத்தியா?"

லெனோர் பார்த்தாள். மேற்கே அடிவானத்தில் கரியைத் தேய்த்தாற்போல ஒரு கோடு. 2020 ஆகஸ்டில் வந்த அந்தப் புயலுக்குப் பிறகு இந்த ஊர்க்காரர்கள் மேற்கு வானத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் பாதி ஊருக்குக் கூரை பறந்தது.

"ஆறு மணிக்குன்னாங்களே?"

"வேகம் புடிச்சிருச்சாம். மார்ஷல்டவுன் தாண்டிடுச்சு. ஒரு மணிக்குள்ள உங்கிட்ட இருக்கும். மழை விஷயமும் நெனப்புல வச்சுக்க. திறந்த கூரை வழியா தண்ணி உள்ள போனா கம்பெனி தராது. தார்ப்பாய் போட்டு, மேல மரச்சட்டம் வச்சு, ஆணி அடிச்சிருக்கணும். செங்கல்ல வெறுமனே பாரம் வச்சா அது மூடினதாவே கணக்கில்ல."

பார்த்தீர்களா, கண்ணுகளா, அவள் மாட்டிக்கொண்ட இடத்தை? ஆட்களை ஏற்றினால், விழுகிறவனுக்கு நாதியில்லை. அவளுடைய தொழிலும் வீடும் அதோடு போகும். ஏற்றாவிட்டால், இரண்டு மணி நேரத்தில் அந்த வயதானவர்களின் வீட்டுக்குள் வானம் இறங்கும்.

அவள் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். "எல்லாரும் கீழ வாங்க!"

"காபியா?" என்று மெர்ல் மேலிருந்து கத்தினார்.

"கீழ வா மெர்ல்."

ஓஸ்மினும் வில்பரும் இறங்கினார்கள். மெர்ல் கடைசியாக, முதுகைத் திருப்பாமலே, படியில் இறங்குவதுபோல ஏணியில் இறங்கினார். லெனோர் அவரைத் தன் வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போய், தணிந்த குரலில் சொன்னாள்.

"உன் பாலிசி ரத்தாயிருச்சு. ஒம்பதாம் தேதி."

மெர்ல் சிரித்தார். "போடி. எவனோ தப்பா சொல்லிருக்கான். அதெல்லாம் விவியன் அனுப்பிடுவாளே..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், அங்கே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"தபால் வந்துச்சா மெர்ல்?"

"வந்துச்சு. நெறைய வந்துச்சு. அவ பேர் போட்டும் வருது. பிரிக்கல." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஒண்ணயும் பிரிக்கல," என்றார்.

லெனோருக்கு அவர் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. ஆனால் மேற்கே அந்தக் கோடு தடித்துக்கொண்டு வந்தது.

"சரி. அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப நீங்க மூணு பேரும் மேல ஏறக்கூடாது."

அவ்வளவுதான், மெர்லுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. துக்கத்தைவிடக் கோபம் அவருக்குக் கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது. "ஏறக்கூடாதா? வானம் என்ன நிறத்துல இருக்குன்னு பாத்தியா? நான் பதினாறு வயசுலேர்ந்து கூரையில நடக்கறவன். ஒரு தாள் இல்லேன்னதும் எனக்குக் கால் மறந்துருமா? தள்ளு."

அவர் ஏணியை நோக்கி நடந்தார். லெனோர் அவரை முந்திக்கொண்டு ஓடி, இருபத்துநாலு அடி ஏணியைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, சுவரிலிருந்து விலக்கி, புல்தரையில் சாய்த்துவிட்டாள். விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பின்வாசலில் நார்பெர்ட் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா நடக்குது அங்க? மழை வருதுங்கறான் ரேடியோவுல. ஏணியப் போட்டு விளையாடறீங்க?"

"அஞ்சு நிமிஷம் மிஸ்டர் ஷேஃபர்."

"அஞ்சு நிமிஷத்துல அது என் சமையல்கட்டுல இருக்கும்!"

லெனோர் ட்ரூடியை மறுபடி கூப்பிட்டாள். "இவங்க மூணு பேரையும் இப்பவே என் ஆளுங்களா வேலைக்குச் சேத்துக்கிட்டா? பாய்ட் மாதிரி?"

"அதத்தான் கம்பெனிக்காரன்கிட்ட இன்னொரு போன்ல கேட்டுட்டிருக்கேன், இரு." பதினோரு நிமிஷம் அவளைக் காக்க வைத்தாள் ட்ரூடி. அந்தப் பதினோரு நிமிஷத்தில் பாய்ட் வண்டியிலிருந்த தார்ப்பாய்களை இறக்கி, சட்டங்களைப் புல்லில் அடுக்கி, ஆணி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டான். பிறகு குரல் வந்தது. "சரின்னுட்டாங்க. ஏறதுக்கு முன்னாடி கையெழுத்து. நேரம் போட்டு. ஒருத்தர் விடாம பெல்ட், கயிறு. மேல பாய்ட் சொல்றததான் கேக்கணும். போட்டோ எடுத்து அனுப்பு. கையெழுத்துப் போடாதவன் கால் ஏணில பட்டா நான் உனக்கு ஃபிரெண்டே இல்ல."

லெனோர் வண்டியின் பின்கதவை இறக்கி, வேலைக்குச் சேருகிற தாள்களை அதன்மேல் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்கச் சுத்தியலை வைத்தாள். "மெர்ல், ஒரு நாளைக்கு மட்டும். என் சம்பளத்துல."

"உன் கூலியாளா? நானா?" மெர்ல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னார். "கேட்டீங்களாடா? முதலாளியம்மா நமக்கு இடுப்புல கயிறு கட்டி மேய்க்கப் போறாங்களாம்!"

வில்பர் சிரிக்கலாமா என்று ஓஸ்மினைப் பார்த்தான். ஓஸ்மின் சிரிக்கவில்லை. அவன் அதிகம் பேசாத மனிதன். முன்னால் வந்து பேனாவை எடுத்தான்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க முதலாளி. நான் போடறேன்." எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான். "ஒம்பதாம் தேதின்னா சொன்னாங்க?"

"ஆமா," என்றாள் லெனோர்.

"அப்ப பன்னெண்டாம் தேதி நாங்க அந்த மாதா கோயில் மேல இருந்தோமே. அந்தக் கூர்ச்சரிவுல. வில்பருக்குக் கால் வழுக்கி, புகைக்குழாயப் புடிச்சுத் தொங்கினானே. அன்னிக்கும் ஒண்ணும் இல்லியா?"

ஓஸ்மின் குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தேதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் மெர்லின் மேல் விழுந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. அவர் தன்னுடைய காலைப் பற்றித்தான் இத்தனை நேரமும் பேசிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு பேரும் பன்னிரண்டு நாளாக அவரை நம்பி வெறும் காற்றின்மேல் நடந்திருக்கிறார்கள்.

"வில்பர்," என்றார் மெர்ல். "போடுடா கையெழுத்து." வில்பர் போட்டான். பிறகு மெர்ல் தானே பேனாவை வாங்கி, கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், தாளைத் தூரப் பிடித்துக்கொண்டு எழுதினார். "நேரம் என்ன?"

"பதினொண்ணு இருபத்தாறு."

"பதினொண்ணு இருபத்தாறுக்கு மெர்ல் ஹோராக் கூலியாளானான். குறிச்சுக்க." ஆனால் அந்தக் கிண்டலில் இப்போது விஷம் இல்லை.

ஏணி மறுபடி நின்றது. நான்கு பேரும் பெல்ட் போட்டுக்கொண்டார்கள். மெர்லுக்குக் கொக்கி மாட்டத் தெரியவில்லை. பாய்ட் பின்னாலிருந்து மாட்டிவிட்டான். "கல்யாணப் பொண்ணுக்கு ஊக்கு போடற மாதிரி இருக்குடா," என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். லெனோர் நான்கு கயிறுகளையும் போட்டோ எடுத்தாள். உடனே ட்ரூடிக்கு அனுப்பினாள்.

அதற்கப்புறம் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். இந்த ஊர்ச் சட்டப்படி முதலாளி தன் பெயரையும் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், விட்டுவிடவும் செய்யலாம். அவள் விட்டுவிட்டிருந்தாள். நான் எங்கே மேலே ஏறப்போகிறேன் என்று அப்போது நினைத்தாள்.

தார்ப்பாய் தெற்குப் பக்கம் விரிந்தது. சட்டம் வைத்து ஆணி அடிக்கிற சத்தம் படபடவென்று கேட்டது. கிழக்குப் பக்கம் முடிந்தது. மணி பன்னிரண்டு பத்து. மேற்கே இப்போது கோடு இல்லை. பாதி வானமே கருத்து, அதன் அடியில் ஒரு பச்சை நிறம் தெரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தால் இந்த ஊரில் குழந்தைகூட விளையாட்டை நிறுத்திவிடும். புழுக்கம் அப்படியே நின்றது. இலை அசையவில்லை. ஊரில் எப்போதும் வீசுகிற ஓட்ஸ் ஆலை வாசனை திடீரென்று நின்றுபோய், ஈர மண் வாசனை அடித்தது.

முகட்டில் அடித்து முடித்தார்கள். மூன்று பக்கம் ஆயிற்று. மிச்சம் மேற்கு ஓரம் மட்டும். அதன் கடைசியில் தையல் அறைக்கு மேலே இருந்த மூலை.

முதல் காற்று வந்தது. தார்ப்பாயின் மேற்கு ஓரம் வயிறு ஊதிக் கிளம்பி, வில்பரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சவுக்கு மாதிரி அடித்தது.

"இன்னொரு கை வேணும்!" என்று ஓஸ்மின் கத்தினான்.

லெனோர் யோசிக்கவில்லை. கால் ஏணியில் ஏறிவிட்டது. மூன்றாவது படியில் இருந்தபோது மேலிருந்து மெர்லின் குரல் இடித்தது.

"ஏய்! இறங்கு! உன் பேரு எந்தத் தாள்ல இருக்கு?"

அவள் நின்றாள்.

"நீ விழுந்தா எவன்டி எங்களுக்குக் கூலி குடுப்பான்? இறங்கு!"

அவள் இறங்கினாள். ஏணியின் அடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைத் தவிர அவளுக்கு அங்கே வேலை இல்லை.

மேற்கு ஓரத்தில் பாதி தூரம் அடித்துவிட்டார்கள். பன்னிரண்டு நாற்பதுக்குப் புயல் எச்சரிக்கையாக ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது. அந்த நீண்ட ஊளை. தெரு முனையில் இருந்த பெரிய மேப்பிள் மரம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது.

"பாய்ட்! எல்லாரும் இறங்குங்க!"

பாய்ட் ஒரு நொடியும் தயங்கவில்லை. வில்பரை முதலில் அனுப்பினான், பிறகு ஓஸ்மினை. மெர்ல் அசையவில்லை. மூலையில் முழங்காலிட்டு, வாயில் நான்கு ஆணிகளோடு, சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம்!"

"இல்ல மெர்ல்!"

"ரெண்டே நிமிஷம்! இத விட்டா அந்தம்மா அறை போயிடும்!"

அது உண்மை என்று லெனோருக்குத் தெரியும். இரண்டு நிமிஷத்தில் அவர் முடித்தும் விடுவார், அவரால் முடியும். பின்வாசலில் நார்பெர்ட் நின்றுகொண்டு, "முடிக்கட்டும், விடும்மா! முடிக்கட்டும்!" என்று கத்தினார். மேற்கே சோளவயலுக்கு மேலே மழை ஒரு வெள்ளைச் சுவராக வந்துகொண்டிருந்தது.

"மெர்ல்!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "இன்னிக்கு நீ என் ஆளு. கையெழுத்துப் போட்டிருக்க. நான் சொல்றேன், இறங்கு!"

மெர்ல் அவளைப் பார்த்தார். ஆணிகளைத் துப்பினார். சட்டத்தை விட்டுவிட்டு, கயிற்றோடு முகட்டு ஓரமாக வந்து, கொக்கியை அவிழ்த்துக்கொண்டு ஏணியில் சரிந்தார். அவர் கால் புல்லில் பட்டபோது முதல் மழைத்துளிகள் கல்லெறிவதுபோல விழுந்தன.

உள்ளே ஓடினார்கள். இந்த ஊரில் சங்கு ஊதினால் வீட்டுக்கு அடியிலிருக்கிற அடித்தள அறைக்குப் போவார்கள். ஐலீனால் படி இறங்க முடியாது. ஓஸ்மினும் பாய்ட்டும் அவளைச் சமையலறை நாற்காலியோடு தூக்கினார்கள். "பாத்துப்பா, அந்தப் பக்க இடுப்பு புதுசு," என்றாள் ஐலீன். துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளை இறக்கி வைத்து, எல்லாரும் சுவரோடு ஒண்டி நின்றார்கள். லெனோர் தலைகளை எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழு.

மேலே வீடு முனகியது. பிறகு மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஏதோ பெரியது உருண்டு போகிற சத்தம். வில்பர் சிலுவை போட்டுக்கொண்டான். நார்பெர்ட் யாரையும் பார்க்காமல் தண்ணீர் சூடாக்கும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிஷம் கழித்துச் சங்கு நின்றது. எல்லாரும் மேலே வந்தார்கள்.

மூன்று பக்கமும் தாங்கியிருந்தது. சமையலறையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் வடமேற்கு மூலையில் தார்ப்பாய் கிழிந்து, தையல் அறையின் சுண்ணாம்புக் கூரை அப்படியே இறங்கி உட்கார்ந்திருந்தது. மகளுக்காக ஐலீன் ஒன்றரை வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப் போர்வை, தையல் சட்டத்தில் பூட்டினபடியே, சேறும் சுண்ணாம்புமாக வயிறு தொங்கிக் கிடந்தது.

மெர்ல் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் விட்டுவிட்டு வந்த சட்டம் காற்றில் பெயர்ந்து, அவர் முழங்காலிட்டிருந்த இடத்தின் வழியே போய், புகைக்குழாயின் செங்கல்லை ஒரு வரிசை உடைத்திருந்தது. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. லெனோரைத் தனியே இழுத்து வேறு ஒன்றைச் சொன்னார்.

"கேளு. நாலு பக்கமும் அடிச்சோம், காத்து பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிடலாம். யாரு வந்து ஆணி ஓட்டைய எண்ணப் போறான்? கிழவனுக்கு முழுசா கிடைக்கும்."

லெனோருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தப் போர்வையைப் பார்த்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. அவள் போனை எடுத்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ட்ரூடியிடம் சொன்னாள்.

"மூணு பக்கம் ஆணி அடிச்சாச்சு. நாலாவது பாதிதான். சங்கு ஊதினதும் நான்தான் ஆளுங்கள இறக்கிட்டேன். ஒரு அறை போச்சு. யாருக்கும் கீறல் இல்ல. இத அப்படியே எழுதிக்க."

"எழுதிக்கறேன்," என்றாள் ட்ரூடி. "குடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும்."

போனை வைத்துவிட்டு லெனோர் நார்பெர்ட்டின் எதிரே போய் நின்றாள். "கம்பெனி குடுத்தாலும் குடுக்காட்டியும் இந்த அறைய நான் கட்டித் தரேன் மிஸ்டர் ஷேஃபர். போர்வைக்கு எங்கிட்ட பதிலில்ல."

"ரெண்டு நிமிஷம் கேட்டான் அவன்." நார்பெர்ட் தையல் அறையைக் கையால் காட்டினார். "ரெண்டு நிமிஷம் உன்னால குடுக்க முடியல."

"முடியல."

"முடிச்சிருப்பான்."

"முடிச்சிருக்கலாம். இல்லேன்னா காத்து பிச்சப்ப அங்கயே இருந்திருப்பாரு."

நார்பெர்ட் மன்னித்ததாக இல்லை. காலமெல்லாம் ஆலையில் இயந்திரங்களோடு இருந்த மனிதர். இரண்டு நிமிஷத்தில் என்னென்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, மனைவியின் ஒன்றரை வருஷம் சேற்றில் கிடப்பதைப் பார்ப்பது வேறு. அவர் திரும்பி நின்றுகொண்டார்.

அடித்தளத்திலிருந்து ஐலீனின் குரல் வந்தது. "என்னை யாராச்சும் மேல தூக்கறதா உத்தேசம் உண்டா?"

தூக்கி வந்தார்கள். அவள் அறை வாசலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெர்லைக் கூப்பிட்டாள்.

"நீதானே விவியன் வீட்டுக்காரன்?"

"ஆமாங்க."

"அவளும் நானும் தேவாலயத்துல ஒண்ணா தைப்போம். அந்த நீலத் துண்டுங்க இருக்கே, அந்த ஓரத்துல, அது அவ குடுத்தது." மெர்ல் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சும்மா நிக்காத. சுண்ணாம்பு காஞ்சா துணிய அரிச்சுடும். அவிழ்த்து அலசிப் பிழிங்க. நார்பெர்ட், நீ அந்த முனையப் புடி."

நனைந்த ஒட்டுப் போர்வை ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். குழாயடியில் மூன்று முறை அலசினார்கள். பிறகு பின்வாசலில் ஒரு முனையை நார்பெர்ட் பிடித்துக்கொண்டார், மறுமுனையை மெர்ல். அவர் வலப்பக்கம் முறுக்க, இவர் இடப்பக்கம் முறுக்க, நடுவில் தொய்ந்த இடத்தை லெனோர் தன் இரண்டு கையில் தாங்கினாள். சாம்பல் நிறத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கொஞ்சம் வெளுத்தது.

"இன்னும் இறுக்கு," என்றார் நார்பெர்ட்.

"இறுக்கறேன்ல," என்றார் மெர்ல்.

அறைக்கான தொகையில் கம்பெனி பாதிதான் கொடுத்தது. மீதியை லெனோர் போட்டாள். போர்வைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமே லெனோர் தன் பெயரையும் அந்தத் தாளில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், காலையில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒருவரையும் ஏணியில் ஏற்றியதில்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும்போதுதான் இரண்டு தடவை கேட்பாள்.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கூரை எந்தக் காற்றுக்கும் கிளம்பாமல் நிற்கட்டும். அதை மேய மேலே ஏறுகிறவர்கள் எல்லாரும் தங்கள் காலாலேயே இறங்கி வரட்டும். உங்கள் வீட்டில் தலைகளை எண்ணும்போதெல்லாம் எண்ணிக்கை சரியாக இருக்கட்டும்.